முகம் அவங்களோடது, கடைசி முடிவு யாரோடது? ஒரு ஹிப் ஹாப் டாக்குமெண்டரியோட நிகழ்வு ஆய்வு

எந்த கேஸ், ஏன் இது

2020 மே மாசம் அமெரிக்கால ரிலீஸான 'ஆன் தி ரெக்கார்ட்'ங்கற டாக்குமெண்டரி எப்படி உருவாச்சு, ரிலீஸுக்கு முன்னாடி எப்படி கிட்டத்தட்ட அநாதையாச்சு, கடைசில எப்படி வெளிய வந்துச்சுங்கறதுதான் இங்க எழுதப்போறது. ஹிப் ஹாப் உலகத்துல நடந்ததா சொல்லப்படற பாலியல் குற்றங்கள் பத்தின படம். புகார் சொன்ன பெண்கள் பேரையும், யார் மேல புகாரோ அவங்க பேரையும் நான் இங்க போடல. தெரிஞ்சுக்கணும்னா ஈஸியா தெரிஞ்சுக்கலாம், ஆனா இந்த ஆய்வுக்கு அது தேவையில்ல. முக்கியமான ஒண்ணு, குற்றம் சாட்டப்பட்டவர் எல்லாத்தையும் மறுத்திருக்கார், எல்லாம் சம்மதத்தோட நடந்ததுனு சொல்றார். அவர் மேல கிரிமினல் கேஸ் எதுவும் போடப்படல. அதை மனசுல வச்சுக்கிட்டே படிங்க.

பிரதிநிதித்துவம்னு பேச ஆரம்பிச்சா நாம பெரும்பாலும் தலையை எண்ணுவோம், திரையில எத்தனை கறுப்பினத்தவர், எத்தனை பெண்கள்னு. அப்படி எண்ணினா இந்தப் படம் முதல் மார்க் வாங்கும். ஆனாலும் இவ்வளவு பெரிய பிரச்சனை வந்துச்சு. அதனாலதான் இந்த கேஸை எடுத்தேன்.

பின்னணி: இந்த வகைப் படங்கள்ல யாரு பேசறா

ஹிப் ஹாப் க்ரைம் டாக்குமெண்டரினா ரெண்டு கொலைதான் மொத்த வகைக்கும் அச்சாணி. 1996 செப்டம்பர் 7 ராத்திரி லாஸ் வேகஸ்ல ஃபிளமிங்கோ ரோடும் கோவல் லேனும் சேர்ற இடத்துல காருக்குள்ள இருந்த ராப்பர் டூபாக் ஷகுர் சுடப்பட்டார், ஆறு நாள் கழிச்சு இறந்துட்டார். அடுத்த வருஷம் மார்ச் 9, லாஸ் ஏஞ்சலிஸ்ல ஒரு கார் மியூசியத்துல நடந்த பார்ட்டி முடிஞ்சு கிளம்பின இன்னொரு ராப்பர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. சுடப்பட்டு இறந்தார். டூபாக் கேஸ்ல முதல் கைது நடக்கவே 2023 செப்டம்பர் ஆச்சு. நடுவுல இருந்த அந்த இருபத்தி சொச்சம் வருஷத்துல படம், சீரியல், பாட்காஸ்ட்னு வந்துக்கிட்டே இருந்துச்சு.

அதுல நாற்காலி போட்டு உக்கார வச்சு பேச விட்டவங்க யாருன்னு பாருங்க. ரிட்டயர்ட் டிடெக்டிவ், பழைய பாடிகார்ட், எதிர் கோஷ்டி ஆளு, க்ரைம் ரிப்போர்ட்டர். கிட்டத்தட்ட எல்லாரும் ஆம்பளைங்க. பெண்கள் வந்தா பெரும்பாலும் அம்மாவா வருவாங்க, அழுவாங்க, நியாயம் கேப்பாங்க, ஃப்ரேம் முடிஞ்சுரும். டூபாக்கோட அம்மா அஃபேனி ஷகுர் பிளாக் பேந்தர்ங்கற கறுப்பின உரிமைக் கட்சில இருந்தவங்க, 1971ல நியூயார்க் கோர்ட்ல வயித்துல பிள்ளையோட தனக்குத்தானே வாதாடி விடுதலை ஆனவங்க. போலீஸ் விசாரணை எப்படி நடக்கும், அரசாங்கம் எப்படி வேலை செய்யும்னு அவங்களுக்கு இருந்த அறிவு எத்தனை டிடெக்டிவுக்கு இருந்திருக்கும்? ஆனா நிறைய க்ரைம் படத்துல அவங்க வெறும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்தான்.

இன்னொரு உதாரணம் என்னை ரொம்ப உறுத்தறது. 1994 நவம்பர் 30 அதிகாலையில மன்ஹாட்டன்ல குவாட் ஸ்டுடியோ லாபில டூபாக் சுடப்பட்டார். அமெரிக்காவோட கிழக்குக் கரை, மேற்குக் கரை ராப்பர்களுக்கு நடுவுல இருந்த பகையோட ஆரம்பம்னு சொல்லி இதை ஒவ்வொரு படமும் நிமிஷம் நிமிஷமா காட்டும், லாபில யார் நின்னா, லிஃப்ட் எப்போ திறந்துச்சு, எல்லாம். மறுநாள் டிசம்பர் 1 என்ன நடந்துச்சு? ஒரு இளம்பெண் கொடுத்த புகார்ல நியூயார்க் ஜூரி அவரை பாலியல் குற்றத்துக்காக குற்றவாளின்னு தீர்ப்பு சொன்னுச்சு. சில பிரிவுகள்ல விடுதலையும் கிடைச்சுது, அவர் கடைசி வரைக்கும் மறுத்தார், அது வேற விஷயம். ஆனா துப்பாக்கிச் சூட்டுக்கு பத்து நிமிஷம் ஒதுக்கற எடிட்டர், மறுநாள் தீர்ப்பை ஒரே வரில தாண்டிடறார். அந்தப் பொண்ணு கதையில ஒரு ஆளாவே வரமாட்டா, அவர் ஜெயிலுக்குப் போனதுக்கு காரணமா மட்டும் வருவா.

இந்தப் பழக்கம் ஆழமா ஊறிப்போன வகை இது. எது குற்றம்னு எடுத்துக்கறோம்ங்கறதுலயே பாரபட்சம் இருக்கு. ஆம்பளை ஆம்பளையைச் சுட்டா மர்மம், ஆறு எபிசோட். இசைக் கம்பெனி ஆபீஸ்ல பொண்ணுக்கு நடந்தா அது கிசுகிசு.

2019 ஜனவரில ஒரு பெரிய மாற்றம் வந்துச்சு. பாடகர் ஆர்.கெல்லி மேல இருந்த பாலியல் புகார்கள் பத்தி லைஃப்டைம் சேனல்ல ஆறு பாகமா வந்த தொடருக்கு எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசர்கள்ல ஒருத்தர் ட்ரீம் ஹாம்ப்டன், ஹிப் ஹாப் பத்தி பல வருஷம் எழுதின கறுப்பினப் பெண். அடுத்த மாசமே சிகாகோல கேஸ் பதிவாச்சு, 2021ல புரூக்ளின் கோர்ட்ல குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு, 2022ல 30 வருஷம் ஜெயில். டாக்குமெண்டரியால இதெல்லாம் ஆகும்னு எல்லாரும் பாத்தாங்க, பயந்தவங்களும் பாத்தாங்க.

கேஸோட ஆரம்பம்: 2017 கடைசி

மையத்துல இருக்கற பெண் 1990கள்ல நியூயார்க்ல ஒரு பெரிய ஹிப் ஹாப் லேபிள்ல, அதாவது இசைக் கம்பெனில, ஏ அண்ட் ஆர் வேலை பாத்தவங்க, அதாவது எந்த ஆர்ட்டிஸ்ட்டை எடுக்கணும், யாரை யாரோட சேர்த்துப் பாட வைக்கணும்னு முடிவு பண்ற வேலை. 1995ல வந்து அடுத்த வருஷம் கிராமி வாங்கின மெத்தட் மேன் – மேரி ஜே. பிளைஜ் பாட்டுக்குப் பின்னாடி அவங்க உழைப்பு இருந்துச்சு. 1995லதான், ஒரு டெமோ சிடி கேட்டுட்டுப் போன்னு வீட்டுக்குள்ள கூப்பிட்டு லேபிள் முதலாளி தன்னை பலாத்காரம் பண்ணினார்னு அவங்க சொல்றாங்க. வேலையை விட்டாங்க. வேற கம்பெனிக்குப் போனாங்க, அங்க புதுசா வந்த தலைவர்கிட்டயும் தொல்லைன்னு சொல்றாங்க (அவரும் மறுத்திருக்கார்). அவருக்கு இணங்காததால, பின்னாடி உலகப் புகழ் ஆன ஆர்ட்டிஸ்ட்டுகளை இவங்க கூட்டிட்டு வந்தப்பகூட திருப்பி அனுப்பப்பட்டாங்கனு படத்துல சொல்றாங்க. கடைசில இசைத்துறையையே விட்டுட்டாங்க.

2017 அக்டோபர்ல ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மேல பாலியல் புகார்கள் வெடிச்ச கையோட இவங்க நியூயார்க் டைம்ஸ்கிட்ட பேசலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்த நேரத்துலயே கேமரா அவங்ககூட இருக்கு. டிசம்பர் 13ம் தேதி செய்தி வந்துச்சு, இவங்களோட சேர்த்து வேற பெண்களும் பேசியிருந்தாங்க.

கேமரா யாரோடது? கிர்பி டிக், ஏமி ஸியரிங். ரெண்டு பேரும் வெள்ளையர், ராணுவத்துலயும் காலேஜ்லயும் நடக்கற பாலியல் வன்முறை பத்தி ஏற்கனவே பேர் வாங்கின படங்கள் எடுத்தவங்க. பாதிக்கப்பட்டவங்களோட எப்படிப் பேசணும்ங்கற அனுபவம் அவங்களுக்கு நிறையவே இருந்துச்சு, ஹிப் ஹாப் அவங்க உலகம் இல்ல. இந்த ரெண்டையும் சேர்த்துத்தான் பாக்கணும், ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு தீர்ப்பு சொன்னா தப்பாப் போயிரும்.

என்ன கவனிச்சது

படத்துல பேசறவங்க லிஸ்ட்டைப் பாத்தா அசத்தலா இருக்கும். மையப் பெண்ணைத் தவிர புகார் சொன்ன இன்னும் பல கறுப்பினப் பெண்கள். அவங்கள்ல ஒருத்தர் 1970கள் கடைசில பிராங்ஸ்ல உருவான பெண்கள் ஹிப் ஹாப் குழுல இருந்தவர், அதாவது இந்தக் கலை பொறந்த காலத்துலயே மைக் பிடிச்சவர். இன்னொருத்தர் தன் கதையை ஒரு டிவி சேனல்கிட்ட கொடுத்து, மாசக்கணக்கா காத்திருந்து, அது ஒளிபரப்பாகாமலே போனவர். கூடவே மீ டூ இயக்கத்தை 2006லயே ஆரம்பிச்ச டரானா பர்க், சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா, ஹிப் ஹாப் பெண்ணியம் பத்தி 1999லயே புத்தகம் எழுதின ஜோன் மார்கன்.

இவங்க பேசறதும் மேலோட்டமா இல்ல. 1991ல சுப்ரீம் கோர்ட் நீதிபதியா வரவிருந்த கறுப்பின ஆம்பளை மேல கறுப்பினப் பேராசிரியர் அனிதா ஹில் பாலியல் தொல்லைன்னு செனட் முன்னாடி சாட்சி சொன்னப்போ கறுப்பின சமூகத்துக்குள்ளயே அவங்களுக்கு என்ன நடந்துச்சு, மியூசிக் வீடியோல வெளிர் நிறப் பெண்களுக்கு மட்டும் இடம் கொடுத்தது, கறுப்பின ஆம்பளைங்களை போலீஸும் கோர்ட்டும் நடத்தற விதம் தெரிஞ்ச பெண்கள் அதனாலயே வாயை மூடிக்கிட்டது, எல்லாம் வருது. மையப் பெண் இருபது வருஷத்துக்கு மேல பேசாம இருந்ததுக்கு இதுதான் பெரிய காரணம், தன் புகார் ஒரு ஆளோட நிக்காது, ஒரு சமூகத்தையே அடிக்கறதுக்கு கம்பா ஆயிடும்ங்கற பயம்.

அப்போ எண்ணிக்கைல குறை இல்ல. குறை எங்க இருந்துச்சுன்னா, எடிட்டிங் முடிஞ்ச கடைசி வடிவம் (ஃபைனல் கட்) எப்படி இருக்கணும், படம் எப்போ முடிஞ்சுதுன்னு சொல்ற இடத்துல யார் இருக்காங்கங்கற கேள்வில. இயக்குநர்கள் கைல ஒரு பாதி, 2019ல எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசரா சேர்ந்த பிரபல டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரி கைல ஒரு பாதி. ஆப்பிள் டிவி பிளஸ் மூலமா ரிலீஸ்னு பேச்சு. தன் வாழ்க்கையையே கொடுத்த பெண்களுக்கு அந்த மேஜைல நாற்காலி இருந்ததா எனக்குத் தெரிஞ்ச எதுலயும் இல்ல.

அழுத்தம்: 2019 நவம்பர், டிசம்பர்

பேரு வைக்காத படமா, ஓப்ரா பேரோட, ஒரு இசைத்துறை பிரபலம் மேல புகார் சொல்லலாமான்னு தவிக்கற பெண்ணோட கதைன்னு அறிவிப்பு வந்துச்சு. படத்தை யாரும் பாக்கல, ஆனா யாரைப் பத்தினதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. டிசம்பர்ல குற்றம் சாட்டப்பட்டவர் இன்ஸ்டாகிராம்ல ஓப்ராவுக்கு பகிரங்கமா எழுதினார், உண்மை கண்டறியும் சோதனைல பாஸ் ஆயிட்டேன்னும் அதுல சொன்னார். ராப்பர் 50 சென்ட், ஓப்ரா ஏன் கறுப்பின ஆம்பளைங்களையே குறி வைக்கறாங்கன்னு போட்டார். அதே வருஷம் மைக்கேல் ஜாக்சன் மேல புகார் சொன்ன ரெண்டு பேரை ஓப்ரா பேட்டி எடுத்திருந்தாங்க, அதனால இந்தக் கேள்வி காட்டுத்தீ மாதிரி பரவுச்சு.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். மோதல் ஓப்ராவுக்கும் அந்தப் பெரிய மனுஷங்களுக்கும் நடுவுலன்னு ஆயிடுச்சு. புகார் சொன்ன கறுப்பினப் பெண்கள் யாருன்னு அந்த வாக்குவாதத்துல ஒருத்தரும் கேக்கல. கறுப்பின சமூகத்தைக் காப்பாத்தணும்னு பேசினவங்க கண்ணுக்கு அந்தச் சமூகத்துல இவங்க இருக்கறதாவே படல.

எடுத்த முடிவுகள்: 2020 ஜனவரி

முதல் முடிவு ஓப்ராவோடது. ஜனவரி 10ம் தேதி விலகறதா அறிக்கை விட்டாங்க, ஆப்பிள்லயும் படம் வராதுன்னு சொன்னாங்க. பெண்களை முழுசா நம்பறேன், ஆனா அவங்க அனுபவிச்சதோட முழு அளவைக் காட்ட படத்துல இன்னும் வேலை பாக்கி இருக்கு, சன்டான்ஸ் திரைப்பட விழாவுக்காக அவசரப்பட வேண்டாம்ங்கறது அவங்க வாதம். இன்னொரு இயக்குநர் ஏவா டுவர்னேகிட்ட கருத்து கேட்டிருக்காங்க, அவங்களும் ஹிப் ஹாப் பண்பாட்டோட நுணுக்கம் படத்துல சரியா வரலன்னு சொன்னதா செய்தி வந்துச்சு. கதையில சில முரண்பாடுகளை இன்னும் சரி பாக்கணும்னு ஓப்ரா நினைச்சதாவும் வந்துச்சு. வெளி அழுத்தத்துக்கு பணியலன்னு அவங்க உறுதியாவே சொன்னாங்க.

ரெண்டாவது முடிவு இயக்குநர்களோடது, தள்ளிப்போடல. ரெண்டு வருஷத்துக்கு மேல உழைச்ச படம், பெண்கள் பேச ரெடியா இருக்காங்க, சன்டான்ஸ்ல போடறோம்னு நின்னாங்க.

மூணாவது முடிவு அந்தப் பெண்களோடது, அதைப் பத்திதான் அப்போ யாரும் அதிகம் எழுதல. ஆதரவா நின்ன மிகப் பெரிய கறுப்பினப் பெண் விலகியாச்சு, டிஸ்ட்ரிபியூட்டர் போயாச்சு, எதிர்த்தரப்பு ஜெயிச்ச மாதிரி பேசுது. இது தனக்கு ரெண்டாவது தடவை குற்றம் நடந்த மாதிரி இருக்குன்னு மையப் பெண் பத்திரிகைகிட்ட சொன்னாங்க. ஆனாலும் பின்வாங்கல.

என் கருத்தைச் சொல்லிடறேன். ஓப்ரா எழுப்பின கேள்வி நியாயமானது. அந்த உலகத்துக்குள்ள வாழாத ரெண்டு பேர், அந்த உலகத்தோட மிக வலிக்கற இடத்தைத் தொடறப்போ, உள்ள இருக்கற ஒருத்தர் இது போதாதுன்னு சொன்னா நின்னு கேக்கணும். ஆனா அந்தக் கேள்வியை ஷூட்டிங் முடிஞ்சு, அறிவிப்பு வந்து, திரையிடலுக்கு பதினஞ்சு நாள் இருக்கறப்போ, பகிரங்க அறிக்கையா வச்சதோட விலையை இயக்குநர்களும் கொடுக்கல, ஓப்ராவும் கொடுக்கல. அறிக்கைல நம்பறேன்னு எழுதியிருந்தாலும், விலகினாங்கங்கற செய்திதான் ஊர் முழுக்க போச்சு, அதைப் படிச்சவங்க இவங்க கதையில ஏதோ ஓட்டை இருக்கு போலன்னுதான் எடுத்துக்கிட்டாங்க.

பின்விளைவு

ஜனவரி 25ம் தேதி சன்டான்ஸ் விழா நடந்த பார்க் சிட்டில முதல் காட்சி. படம் முடிஞ்சதும் பெண்கள் மேடைக்கு வர, அரங்கமே எழுந்து நின்னு கை தட்டுச்சு. அடுத்த மாசமே எச்பிஓ மேக்ஸ் படத்தை வாங்குச்சு. மே 27, அந்த ஓடிடி தொடங்கின நாளே படமும் வந்துச்சு.

ரெண்டு நாள் முன்னாடிதான் மினியாபொலிஸ்ல ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ் கையில இறந்திருந்தார். நாடே கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, நியாயமாத்தான். ஆனா அந்த நேரத்துல ஒரு கறுப்பின ஆம்பளை மேல கறுப்பினப் பெண் சொல்ற புகாரை எடுத்துப் பேசறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. படம் எந்தப் பயத்தைப் பத்திப் பேசுதோ, அதே சூழ்நிலைக்குள்ளதான் படமும் வந்து விழுந்துச்சு.

கிரிமினல் கேஸ் எதுவும் வரல, புகார் சொன்ன சம்பவங்கள் பலதும் ரொம்பப் பழசு. ஆனா 2022ல நியூயார்க் மாநிலம் அடல்ட் சர்வைவர்ஸ் ஆக்ட்னு சட்டம் கொண்டு வந்துச்சு, காலக்கெடு தாண்டின பாலியல் குற்றங்களுக்கும் ஒரு வருஷத்துக்குள்ள சிவில் கேஸ் போடலாம்னு. அந்த ஜன்னல் மூடறதுக்கு முன்னாடி, 2023 நவம்பர்ல, மையப் பெண் தன்னோட ரெண்டாவது கம்பெனி தலைவர் மேல கேஸ் போட்டாங்க. 2024 பிப்ரவரில முதல் லேபிள் முதலாளி மேல அவதூறு வழக்கு. அதே 2023 நவம்பர்ல அதே சட்டத்தைப் பயன்படுத்தித்தான் பாடகி கேசி, 'டிடி'ன்னு அழைக்கப்படற ராப்பரும் தயாரிப்பாளருமான ஷான் கோம்ப்ஸ் மேல கேஸ் போட்டாங்க, மறுநாளே செட்டில் ஆச்சு. அங்கிருந்து கிளம்பின விஷயம் 2024 செப்டம்பர்ல கோம்ப்ஸ் கைது, 2025 ஜூலைல பெரிய குற்றச்சாட்டுகள்ல விடுதலை, ரெண்டு பிரிவுல குற்றவாளின்னு தீர்ப்பு, அக்டோபர்ல 50 மாசம் தண்டனைன்னு போச்சு.

கோம்ப்ஸ் பத்தி 2025ல மட்டும் பல டாக்குமெண்டரி வந்துச்சு. டிசம்பர்ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்த தொடரை இயக்கினவர் அலெக்ஸாண்ட்ரியா ஸ்டேபிள்டன், கறுப்பினப் பெண். எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசர் 50 சென்ட், 2019ல ஓப்ராவைக் கேள்வி கேட்ட அதே ஆள், கோம்ப்ஸோட பல வருஷப் பகை உள்ளவர். ஆறு வருஷத்துல இயக்குநர் நாற்காலி மாறியிருக்கு, அது உண்மையான முன்னேற்றம். ஆனா பணமும் கடைசி அதிகாரமும் இருக்கற நாற்காலி இன்னும் பெரிய மனுஷங்க கைலதான், அவங்களோட கணக்கு வழக்கோட.

என்ன மாத்தணும்

எடிட்டிங் பக்கமிருந்து பாக்கறவங்களுக்கு இதுல முதல்ல தெரியறது ஒண்ணுதான், பண்பாட்டுச் சூழலை எடிட்ல வந்து ஒட்ட முடியாது. கிரென்ஷாவும் மார்கனும் பேசற பகுதிகள் அருமையா இருக்கு, ஆனா அந்த அறிவு யாரைத் தேடிப் போகணும், எந்தக் கேள்வி கேக்கணும், எந்தப் பழைய ஃபுட்டேஜைத் தோண்டணும்னு முடிவு பண்ற முதல் நாள்லயே உள்ள இருக்கணும், அதுவும் வெறும் ஆலோசகரா இல்லாம, வேண்டாம்னு சொன்னா நிக்கற அதிகாரத்தோட. அப்படி ஒருத்தர் 2018லயே இருந்திருந்தா 2020 ஜனவரில அந்த அறிக்கைக்கு வேலையே இருந்திருக்காது.

அடுத்தது அறிவிப்பு. படம் முடியறதுக்கு முன்னாடி, பெரிய பேரை முன்னால வச்சு, ஆள் யாருன்னு ஊகிக்கற மாதிரி விளம்பரம் பண்ணினது மார்க்கெட்டிங்குக்கு நல்லது, பெண்களுக்கு ஆபத்து. எதிர்த்தரப்புக்கு ரெடியாக நேரமும் கொடுத்தாங்க, குறி வைக்க ஒரு ஆளையும் காட்டினாங்க.

விழா தேதி பத்தியும் சொல்லணும். சன்டான்ஸ் ஜனவரில வரும், அதுக்காக படம் முடிஞ்சுதுன்னு சொல்ற அவசரம் எல்லாப் படக்குழுவுக்கும் உண்டு. கொலை மர்மப் படம்னா ஒரு வருஷம் தள்ளினா பெருசா ஒண்ணும் ஆகாது. உயிரோட இருக்கற பெண்கள் தன் பேரோட தன் முகத்தோட பேசற படத்துல, தள்ளினாலும் அவங்களுக்குத்தான் வலி, அவசரப்பட்டாலும் அவங்களுக்குத்தான் வலி. அதனால அந்த முடிவு அவங்ககிட்ட கேட்டு எடுக்க வேண்டிய முடிவு.

எல்லாத்துக்கும் மேல ஒப்பந்தம். தயாரிப்பாளர் விலகினா என்ன, சேனல் கை விட்டா என்னன்னு இயக்குநருக்கும் கம்பெனிக்கும் ஷரத்து இருக்கும், வக்கீல் இருப்பார். பேசற பெண்ணுக்கு ஒரு ரிலீஸ் ஃபார்ம்ல கையெழுத்து மட்டும்தான், அதுவும் தன் காட்சியைப் பயன்படுத்தலாம்னு எழுதிக் கொடுக்கற பேப்பர். அந்த ஃபார்ம்ல நாலு விஷயம் சேரணும்: படக்குழுல பெரிய மாற்றம் வந்தா வெளிய அறிவிக்கறதுக்கு முன்னாடி அவங்களுக்குச் சொல்லணும், ஃபைனல் கட்டை அவங்க முதல்ல பாக்கணும், ரிலீஸ் சமயத்துல அவங்களுக்குன்னு தனி வக்கீலும் கவுன்சிலரும் தயாரிப்புச் செலவுல இருக்கணும், யாராவது விலகி அறிக்கை விட்டா அதே நாள் அவங்க தரப்பும் வெளிய வர ஏற்பாடு இருக்கணும். கேமரா, விமான டிக்கெட், விழாச் செலவுக்கெல்லாம் பட்ஜெட் போடற தயாரிப்பாளருக்கு இந்த நாலையும் அதே ஷீட்ல எழுதறது ஒண்ணும் பெரிய தொகை இல்ல.